எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனை: எந்த வரி எதைச் சொல்கிறது, எந்த வரி தாளிலேயே இல்லை

எல்.எஃப்.டி. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் நேராகப் போகிற இடம் எஸ்.ஜி.பி.டி. என்கிற கல்லீரல் நொதியின் வரி. அந்த எண் தடித்த எழுத்தில் இல்லையென்றால், கல்லீரலுக்கு ஒன்றும் இல்லை என்று தாளை மடித்து வைத்துவிடுகிறோம். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் சொல்லாத வரி அதுதான். பரிசோதனையின் பெயரை நம்பிப் படிப்பவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

பெயர் 'கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை'. பாக்கேஜுக்குள் வழக்கமாக இருப்பவை: மொத்த பிலிரூபின், அதன் நேரடி, மறைமுகப் பிரிவுகள், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், ஜி.ஜி.டி.; மொத்தப் புரதம், ஆல்புமின், குளோபுலின், இவை இரண்டின் விகிதம். ஆக 11 வரிகள். இவற்றில் செயல்பாட்டைத் தொட்டுக் காட்டுபவை பிலிரூபினும் ஆல்புமினும் மட்டும். செயல்பாட்டை இவை இரண்டையும்விட விரைவாகக் காட்டக்கூடிய ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்ற அளவு, வழக்கமான பாக்கேஜில் சேராது. பயனுள்ள பரிசோதனைதான். ஆனால் இந்தக் குறையைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டிய பரிசோதனை.

முதலில், எதை அளக்கப் போகிறோம் என்று பார்த்துவிடலாம். வளர்ந்தவரின் கல்லீரல் ஏறக்குறைய 1.5 கிலோ எடை. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.5 லிட்டர் ரத்தம் அதற்குள் போகிறது. அதில் முக்கால் பங்கு குடலையும் மண்ணீரலையும் சுற்றிவிட்டு போர்ட்டல் சிரை வழியாக வருவது. சாப்பிட்ட சாப்பாடு, விழுங்கிய மாத்திரை, குடல் பாக்டீரியா உண்டாக்கிய அம்மோனியா எல்லாம் இங்கே வந்துவிட்டுத்தான் மற்ற உறுப்புகளுக்குப் போகின்றன. கல்லீரல் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது, வயிறு காய்ந்தால் அதை உடைத்து ரத்தத்தில் விடுகிறது. அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்புகிறது. மருந்துகளை உடைக்கிறது. ஆல்புமினையும் ரத்தம் உறையத் தேவையான புரதங்களையும் தயாரிக்கிறது. பழைய சிவப்பணுக்களின் நிறமியான பிலிரூபினைப் பித்தத்தோடு குடலில் இறக்குகிறது. எல்.எஃப்.டி. எட்டிப் பார்ப்பது கடைசி இரண்டு வேலைகளை மட்டுமே. சர்க்கரைச் சேமிப்புக்கும் அம்மோனியாவுக்கும் மருந்து உடைக்கும் திறனுக்கும் இந்தத் தாளில் வரி கிடையாது.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.: கசிவைச் சொல்லும் வரிகள்

இவை இரண்டும் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் காயப்பட்டாலோ உடைந்தாலோ ரத்தத்தில் கசியும். ஆகவே அந்த எண்கள் சொல்வது இப்போது எவ்வளவு செல் அடிபட்டுக்கொண்டிருக்கிறது என்பதை. மீதமுள்ள செல்கள் எத்தனை, அவை வேலை செய்கின்றனவா என்பது வேறு கேள்வி.

எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் கல்லீரலுக்குரியது. எஸ்.ஜி.ஓ.டி. இதயத் தசை, கைகால் தசை, சிவப்பணு எல்லாவற்றிலும் உண்டு. கடுமையான எடைப் பயிற்சி செய்தவருக்கு இரண்டுமே ஒரு வாரம் வரைகூட ஏறி நிற்கும். அப்போது தசை நொதியான கிரியாட்டின் கைனேஸ் அளவையும் பார்த்தால் காரணம் தசை என்று தெரிந்துவிடும். ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. பாதியாகக் குறைய ஏறக்குறைய 17 மணி நேரம், எஸ்.ஜி.பி.டி.க்கு ஏறக்குறைய 47 மணி நேரம். காயம் நின்றுவிட்டால் முதலில் இறங்குவது எஸ்.ஜி.ஓ.டி.

உயரம் எவ்வளவு என்பதிலேயே நிறையத் தகவல் இருக்கிறது. ஃபேட்டி லிவரில் இந்த எண்கள் சில நூறுக்குள் அடங்கிவிடும், எஸ்.ஜி.பி.டி. மேலே நிற்கும். மதுவால் வந்த கல்லீரல் அழற்சியில் எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைப் போல் 2 மடங்குக்கு மேல் இருக்கும், ஆனால் 400-ஐத் தாண்டுவது அரிது. ஆயிரக்கணக்கில் போனால் காரணங்களின் பட்டியல் சுருங்கிவிடுகிறது: வைரஸ் மஞ்சள் காமாலை, மருந்து நச்சு, குறிப்பாக அளவுக்கு மீறிய பாராசிட்டமால், அல்லது கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனது.

இந்த வரிகளின் ஆபத்தான பக்கம் ஒன்று உண்டு. கடும் கல்லீரல் அழற்சியில் முதல் நாள் எஸ்.ஜி.பி.டி. 4,000, பிலிரூபின் 6, ஐ.என்.ஆர். 1.6 என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் நாள் எஸ்.ஜி.பி.டி. 800-க்கு இறங்கியிருக்கிறது. வீட்டில் நிம்மதி. ஆனால் அதே நாளில் பிலிரூபின் 14, ஐ.என்.ஆர். 3.8. இது குணமாவதன் அடையாளமே கிடையாது. கசிவதற்குச் செல்கள் மிச்சம் இல்லாமல் போகிறது, அதனால் எண் இறங்குகிறது. உண்மையில் தேறிவருபவருக்கு நொதியோடு ஐ.என்.ஆரும் சேர்ந்து இறங்கும், பிலிரூபின் சற்றுத் தாமதித்துப் பின்தொடரும். நொதி மட்டும் தனியாக இறங்கினால் அன்றைக்கே மாற்று அறுவை வசதியுள்ள மருத்துவமனையோடு பேச வேண்டும்.

நாட்பட்ட நோயிலும் இதே கதைதான், மெதுவாக நடக்கும். வருடக்கணக்கில் அடிபட்டுத் தழும்பேறிய சிரோசிஸ் கல்லீரலில் எஸ்.ஜி.பி.டி. 30 என்று சாதாரணமாக வரும். அந்த நார்மலை நம்பியவர்கள், வயிற்றில் நீர் கோத்த பிறகோ ரத்த வாந்தி எடுத்த பிறகோதான் நோயைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பிலிரூபின்: பிரித்துப் படித்தால் தங்கம்

மொத்த பிலிரூபின் ஏறக்குறைய 1.2 மி.கி. வரை இயல்பு. கண் வெள்ளை மஞ்சளாகத் தெரிய 2.5 முதல் 3 வரை ஏற வேண்டும். ஆனால் மொத்தத்தைவிடப் பிரிவுதான் பேசுகிறது. மறைமுகப் பிரிவு, அதாவது கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத பங்கு, மட்டும் கூடியிருந்து, மற்ற எல்லா வரிகளும் சரியாக இருந்தால், ஒன்று சிவப்பணுக்கள் வேகமாக உடைகின்றன, அல்லது கில்பர்ட் என்கிற தீங்கற்ற பரம்பரைத் தன்மை. கில்பர்ட் உள்ளவர்களுக்குப் பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ எண் ஏறும், சாப்பிட்டால் இறங்கும். மருந்து வேண்டாம். பத்தியமும் வேண்டாம். ஹீமோகுளோபினும், இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட்டுகளின் எண்ணிக்கையும் பார்த்து ரத்த உடைவு இல்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

நேரடிப் பிரிவு கூடினால் கல்லீரல் செல்லிலோ பித்த நாளத்திலோ கோளாறு. இந்தப் பிரிவு நீரில் கரையும், அதனால் சிறுநீர் கடும் டீ நிறத்தில் போகும். பித்தம் குடலுக்கு வராவிட்டால் மலம் களிமண் போல வெளுக்கும். இதோடு, பித்த நாளம் அடைபட்டால் ஏறும் நொதிகளான ஆல்கலைன் பாஸ்ஃபடேஸும் ஜி.ஜி.டி.யும் எகிறியிருந்தால் அடைப்பைத் தேடி அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் எலும்பிலிருந்தும் வரும். வளரும் பிள்ளைகளுக்கும் கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளுக்கும் அது உயர்ந்திருப்பது இயல்பு. கூடவே ஜி.ஜி.டி. சாதாரணமாக இருந்தால் கல்லீரலைக் குற்றம் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பாக்கேஜ் ஓர் உயிரைக் காப்பாற்றும் இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், பச்சிளங்குழந்தையின் நேரடி பிலிரூபின் வரியைத்தான் சொல்ல வேண்டும். பிறந்து 14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலம் வெளுத்திருக்கிறது, நேரடிப் பிரிவு 1 மி.கி.க்கு மேல் இருக்கிறது என்றால், பித்த நாளமே அடைபட்டிருக்கலாம். அதற்காகக் குடலைக் கல்லீரலோடு இணைக்கும் 'கசாய்' அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். 'வெயிலில் காட்டினால் சரியாகிவிடும்' என்று காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கணக்கில் கழிகிறது. மொத்த பிலிரூபினை மட்டும் அளந்துவிட்டு அனுப்பும் ரிப்போர்ட்டைப் பெற்றோர் ஏற்கக் கூடாது.

பெரியவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். அடைப்பு நீங்கி, அரிப்பு அடங்கி, சிறுநீர் தெளிந்த பிறகும் நேரடி பிலிரூபின் வாரக்கணக்கில் இறங்காமல் நிற்கலாம். பிலிரூபினில் ஒரு பங்கு ஆல்புமினோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆல்புமின் கழியும் வேகத்தில்தான் அதுவும் கழியும். சிகிச்சை தோற்றுவிட்டதாக எண்ணிப் பயப்பட வேண்டாம்.

ஆல்புமினும், விடுபட்டுப்போன ஐ.என்.ஆரும்

ஆல்புமினைக் கல்லீரல் மட்டுமே தயாரிக்கிறது. இயல்பு 3.5 முதல் 5 கிராம். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 நாள் ஆகும். அதனால் நேற்று கல்லீரல் நின்றுபோயிருந்தாலும் இன்றைய ஆல்புமின் அழகாகவே இருக்கும். நாட்பட்ட நோய்க்கு நல்ல அளவுகோல், திடீர் செயலிழப்புக்கு உதவாது. சிறுநீரில் புரதம் போனாலும், சாப்பாடு போதாவிட்டாலும், உடம்பில் கடும் தொற்று இருந்தாலும் குறையும் என்பதால், தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது.

ஐ.என்.ஆர். இங்கேதான் தேவைப்படுகிறது. ரத்தம் உறையச் செய்யும் புரதங்களில் ஒன்றான ஏழாம் காரணி பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம்தான். கல்லீரல் தயாரிப்பை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கிவிடும். முன்பு கல்லீரல் நோய் இல்லாதவருக்கு மஞ்சள் காமாலையோடு ஐ.என்.ஆர். 1.5-க்கு மேல் போய், பேச்சிலோ புத்தியிலோ சிறு தடுமாற்றம் வந்தாலும் அது திடீர் கல்லீரல் செயலிழப்பு. இவ்வளவு முக்கியமான எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருப்பது இந்தப் பாக்கேஜின் மிகப் பெரிய குறை.

அதைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தக் காரணிகளைத் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும், அதைக் குடல் உறிஞ்சப் பித்தம் வேண்டும். பித்த நாளம் அடைபட்டவருக்குக் கல்லீரல் நன்றாக இருந்தும் ஐ.என்.ஆர். ஏறும். வைட்டமின் கே ஊசி போட்டு ஒரு நாள் கழித்து மறுபடி பார்த்தால், இறங்கினால் குறை வைட்டமினில், இறங்காவிட்டால் கல்லீரலில். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் கல்லீரலைப் பற்றி எதுவும் சொல்லாது.

தாளில் இல்லாத, ஆனால் கணக்கிட்டுவிடக்கூடிய எண்

ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. பரிசோதனையில் வரும் பிளேட்லெட் எண்ணிக்கையைச் சேர்த்தால் எல்.எஃப்.டி.யின் மதிப்பு பல மடங்கு கூடுகிறது. கல்லீரல் தழும்பேறினால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகள் அங்கே தேங்கும். ரத்தத்தில் எண்ணிக்கை 1,50,000-க்குக் கீழே நழுவும். இதை வைத்துத்தான் தழும்பு அபாயத்தைச் சொல்லும் ஃபிப்-4 கணக்கு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை ஆயிரங்களில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஃபிப்-4.

ஒருவருக்கு வயது 56, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1,40,000. மேலே 56 × 48 = 2,688. கீழே 140 × 6 = 840. விடை 3.2. இன்னொருவருக்கு வயது 38, எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 2,80,000. மேலே 1,824, கீழே 280 × 8 = 2,240. விடை 0.81. தாளைப் பார்த்துப் பயப்படுபவர் இரண்டாமவர், ஏனென்றால் 64 தடித்த எழுத்தில் இருக்கிறது. தழும்பு அபாயம் இருப்பது முதலாமவருக்கு. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த எல்லை 2.0. 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் நிற்பவர்கள், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், நொதிகள் ஆயிரத்தில் நிற்கும் கடும் அழற்சியிலும் இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

வயதும் நொதிகளும் பிளேட்லெட்டும் ஆய்வகத்தின் கணினியிலேயே இருக்கும்போது, இந்த ஒரு வரியை ஏன் எல்லா ரிப்போர்ட்டிலும் அச்சிடக் கூடாது? ஆல்புமின்–குளோபுலின் விகிதத்தைவிட இது ஆயிரம் மடங்கு உபயோகம்.

சாம்பிள் எடுப்பதில் கெட்டுப்போவது

ஊசி சிறியதாக இருந்து சிரிஞ்சை வேகமாக இழுத்தாலோ, குழாயை ஓங்கிக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். எஸ்.ஜி.ஓ.டி. பொய்யாக ஏறும், பொட்டாசியமும் கூடவே ஏறும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எண்ணைப் படிக்காமல் மறு சாம்பிள் கொடுங்கள். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் நீர் வெளியேறி ஆல்புமினும் மொத்தப் புரதமும் கூடுதலாகக் காட்டும். வெளிச்சத்தில் வைத்த குழாயில் பிலிரூபின் சிதைந்து குறைவாக வரும். வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுப்பவர் குழாயை வெயில்படும்படி பைக்கில் மாட்டிக்கொண்டு போனால், மஞ்சள் காமாலையின் அளவு உண்மையைவிடக் குறைந்துதான் ரிப்போர்ட்டில் ஏறும்.

ஐ.என்.ஆருக்கு நீல மூடிக் குழாய். அதில் முன்கூட்டியே சிட்ரேட் இருக்கும், 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு என்ற கணக்கில். குழாயில் போட்டிருக்கும் கோடு வரை ரத்தம் ஏறாவிட்டால் சிட்ரேட் மிகையாகி, ஐ.என்.ஆர். பொய்யாக ஏறி, இல்லாத நோயைக் காட்டும். கோடு வரை நிரம்பியதா என்று நாமே பார்க்கலாம், கூச்சப்பட ஒன்றும் இல்லை. வெறும் வயிறு கட்டாயமா என்று பலர் கேட்கிறார்கள். எல்.எஃப்.டி.க்குக் கட்டாயம் கிடையாது. சிலருக்குக் கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பின் குடலிலிருந்து ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஆனால் தொடர்ந்து ஒப்பிட விரும்புகிறவர்கள் ஒரே ஆய்வகத்தில், ஒரே நிலையில் எடுப்பது நல்லது. ஒவ்வொரு ஆய்வகத்தின் எல்லை எண்ணும் வேறு.

யாருக்கு, எப்போது

சர்க்கரை நோய், உடல் பருமன், மதுப் பழக்கம், ஹெபடைட்டிஸ் பி அல்லது சி உள்ளவர்களுக்கு எல்.எஃப்.டி.யும் சி.பி.சி.யும் சேர்த்து எடுப்பது பொருள் உள்ளது. காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது பாதுகாப்பு வேலி. வாந்தி, பசியின்மை போன்ற தொந்தரவோடு எஸ்.ஜி.பி.டி. இயல்பு எல்லையைப் போல் 3 மடங்கு தாண்டினாலோ, தொந்தரவே இல்லாமல் 5 மடங்கு தாண்டினாலோ அந்த மருந்துகளை மருத்துவர் நிறுத்தி மாற்றுவார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களுக்குச் சற்று ஏறினால் மாத்திரையை நிறுத்தக் காரணம் இல்லை. 'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' பொடி, கேப்சூல் வாங்குகிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். செறிவூட்டிய கிரீன் டீ சாறு, அஸ்வகந்தா, சீந்தில் ஆகியவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கல்லீரலைக் கழுவ வெளியிலிருந்து எதுவும் தேவைப்படுவதில்லை.

சிரோசிஸ் என்று முடிவான பிறகு எஸ்.ஜி.பி.டி.யைத் துரத்துவதை விட்டுவிடலாம். அங்கே கணக்கில் வருபவை பிலிரூபின், ஆல்புமின், ஐ.என்.ஆர்., வயிற்று நீர், மூளைத் தடுமாற்றம் ஆகிய ஐந்து. சைல்ட்-பியூ மதிப்பெண் இவற்றால் ஆனது, 10-உம் அதற்கு மேலும் மோசமான நிலை. மாற்று அறுவைக்கான மெல்ட் மதிப்பெண் பிலிரூபின், ஐ.என்.ஆரோடு சிறுநீரகத்தின் கிரியாட்டினினையும் சேர்க்கிறது. கல்லீரல் விழும்போது சிறுநீரகத்தையும் இழுத்துக்கொண்டு விழும் என்பதால்தான்.

எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாத அடையாளங்கள் வீட்டில்தான் முதலில் தெரியும். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலெல்லாம் தூங்குவது, தெரிந்த கணக்கில் தடுமாறுவது, இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னால் விரல்கள் பறவை இறகு போலப் படபடவென்று விழுவது: இது அம்மோனியா மூளையைத் தொட்டதன் அடையாளம். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் 15 முதல் 30 மி.லி. வீதம், ஒரு நாளில் 2 அல்லது 3 முறை இளகி மலம் போகிற அளவுக்குத் தினமும் கொடுத்துவர வேண்டும். மலச்சிக்கல் ஒன்றே இந்தத் தடுமாற்றத்தைக் கிளப்பிவிடும். பயந்துபோய்ப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தாதீர்கள். இவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதமும், படுக்கும் முன் ஒரு சிறு சாப்பாடும் வேண்டும். கிளைக்கோஜன் சேமிப்பு தீர்ந்த கல்லீரல் ஓர் இரவுப் பட்டினியைக்கூடத் தாங்காது. வலிக்கு ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் கூடாது. பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள், அதுவும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. தார் போல் கருத்த மலம், ரத்த வாந்தி, நீர் கோத்த வயிற்றில் காய்ச்சலோடு வலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் என்றால் ஆய்வகத்துக்குப் போக வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே எடுக்கும் முதல் ரத்தத்தில் ஐ.என்.ஆரும் குளுக்கோஸும் இருக்கட்டும்.